கயிறு பிடித்தவள்

பூபதி கரையேறி வரும்போது மணல்மேட்டில் இரண்டு இடத்தில் நின்றான். குடிசை வாசலில் இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்த தேசம்மா அதைப் பார்த்துவிட்டாள். முதல் தடவை நின்றபோது வேட்டியை அவிழ்த்துக் கட்டுவதுபோல் பாசாங்கு செய்தான். இரண்டாம் தடவை பாசாங்குக்குக்கூடத் தெம்பில்லை. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்துகொண்டான். தை மாதத்து வாடைக்காற்று அவன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது.

“இன்னாய்யா, மூச்சு வாங்குதா?”

“மூச்சா? எனுக்கா? கால்ல முள்ளு.”

“ரெண்டு எடத்துலயுமா முள்ளு?”

“ஆமா. ரெண்டு கால் கீது, ரெண்டு முள்ளு. இன்னா இப்போ?”

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். புருஷனுக்கு அந்தச் சாமர்த்தியம் என்றைக்கும் கிடையாது என்பது தேசம்மாவுக்குத் தெரியும். கார்த்திகையிலிருந்து அவன் படுத்துத் தூங்கவில்லை. நடுக்கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குகிறான். கேட்டால் பாயில் பூச்சி என்பான்.

பழவேற்காட்டு ஏரியில் முக்கால்வாசி இடம் இடுப்பளவுத் தண்ணீர்தான். கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மட்டும் இரண்டு ஆள், மூன்று ஆள் ஆழம். அங்கே அடியில் எந்தக் காலத்துக் கப்பலோ கல்லோ கிடக்கிறது. வலை அதில் மாட்டிக்கொண்டால் ஒருவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முக்குளித்துத்தான் விடுவிக்க வேண்டும். அந்தக் குப்பத்தில் அந்த ஒருவன் பூபதி. கயிற்றின் மறுமுனை அவன் தம்பி வடிவேலுவின் கையில் இருக்கும்.

கயிறு பிடிக்கிறவனுக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கிடையாது. துடுப்பைத் தொடக்கூடாது, வெற்றிலை மடிக்கக்கூடாது, பக்கத்துப் படகுக்காரன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. தண்ணீரைப் பார்த்தபடி எண்ண வேண்டும். ஒன்று என்று தொடங்கமாட்டார்கள். ‘தாயே’ என்பதுதான் ஒன்று. தாயே, ரெண்டு, மூணு என்று போகும். பூபதி தொண்ணூறு வரை உள்ளே இருப்பான். அதற்கு முன்னால் கயிற்றை இழுத்தால் மேலே வந்து கெட்ட வார்த்தையில் திட்டுவான்.

தேசம்மாவின் அண்ணன் குப்பன் செத்தது அந்த இடத்தில்தான். அன்றைக்குக் கயிறு பிடித்த பெருமாள் முப்பதாவது எண்ணில் ஒரு பீடியைப் பற்றவைத்தான். காற்றுக்குக் கையை மறைத்து ஒரு தீக்குச்சி கிழிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அவ்வளவு நேரம்தான். ஊர் கூடியது. பெருமாளை யாரும் அடிக்கவில்லை, வையவுமில்லை. “இனிமே ஒன் காலு எந்தப் படகுலயும் படக்கூடாது” என்று மட்டும் சொன்னார்கள். பதினாறு வருஷமாக அவன் கரையோரம் நடந்துதான் வலை வீசுகிறான்.

முள் என்று பூபதி பொய் சொன்ன மறுநாள், அவன் வேட்டியை அலசும்போது தண்ணீர் சிவந்தது. தேசம்மா ஈர வேட்டியோடு வந்து அவன் முன்னால் நின்றாள்.

“எத்தினி நாளா?”

“தீவாளிக்கு முன்னால.”

“தீவாளி போயி பொங்கலும் போச்சேய்யா! ரெத்தம் போவுதுன்னு வாயத் தொறந்து சொன்னா இன்னா கொறஞ்சி பூடுவ?”

“எந்த எடத்துல போவுதுன்னு யாராண்ட போயி சொல்றது? நீ கம்முனு இரு.”

அவள் கம்மென்று இருக்கவில்லை. வடிவேலுவைக் கூட்டிக்கொண்டு, படகில் ஏரியின் மறுபக்கத்து ஊர்க்கரைக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி. பொன்னேரி டாக்டர் சீட்டு எழுதிப் பட்டணத்துக்கு அனுப்பினார். மீஞ்சூரில் ஏறிய ஆலை ஆட்களின் நெரிசலில் பூபதி ரயில் கதவோரம் உட்கார்ந்தே வந்தான். எண்பத்தாறாம் வருஷம் அது. பட்டணத்தில் அந்தத் தர்ம ஆஸ்பத்திரியில் அப்போதுதான் புதிதாகக் குழாய் மிஷின் ஒன்று வந்திருந்தது.

டாக்டர் வீரராகவன் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். நறுக்கென்று பேசினார். “பெருங்குடல்ல ஏதோ ஒரு கட்டியிலேருந்து ரத்தம் கசியுது. பின்பக்கமா குழாய் விட்டுப் பார்க்கணும். சின்னக் கட்டின்னா அதே குழாய் வழியா அறுத்தும் எடுத்துடலாம். வயித்தைக் கிழிக்க வேண்டாம்.”

குழாயைப் பூபதியும் பார்த்தான். கறுப்பாக, விலாங்கு மாதிரி ஆள் நீளத்துக்கு இருந்தது. ஒரு முனையில் விளக்கு. மறுமுனையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கிற துளை. “இது உள்ள பூருமா?” என்று கேட்டுவிட்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். இரண்டு நாள் கஞ்சித் தண்ணீரும் விளக்கெண்ணெயும் கொடுத்தார்கள். ஏற்கெனவே வற்றிய உடம்பு கொல்லைக்குப் போய்ப்போயே பாதியாகிவிட்டது.

குழாய் விடுவதற்கு முந்தின நாள், டாக்டருக்குப் படிக்கிற பையன் ஒருவன், கண்ணாடி போட்டவன், காகிதத்தோடு வந்தான்.

“நடந்தா மூச்சு வாங்குமா?”

“வாங்காது.”

“நெஞ்சு வலி, படபடப்பு?”

“யாருக்கு, எனுக்கா? நா முக்குளிக்கிறவன் சார். தொண்ணூறு எண்ணுற மட்டும் தம் கட்டுவேன்.”

பையன் “அடேயப்பா” என்று சிரித்து என்னமோ எழுதினான். தேசம்மா வாயைத் திறந்தாள். பூபதி திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். பக்கத்தில் வடிவேலு நின்றிருந்தான். முக்குளிக்கிறவனுக்கு மூச்சு வாங்குகிறது என்று படகுக்காரன் காதில் ஒரு தடவை விழுந்தால் போதும், அடுத்த நாளே கயிறு வேறு இடுப்புக்குப் போய்விடும். அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்காகப் பிற்பாடு அவள் தன்னையே வைதுகொண்டதற்குக் கணக்கு வழக்கில்லை. ஆனால் கேட்டவனும் கேட்டதோடு சரி. நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும், அது மடவை மீன் வயிறு மாதிரி வெளுத்துக் கிடந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அரைக் கதவு போட்ட அறை. இடுக்கு வழியாகப் பார்த்தால் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்த பூபதியின் முதுகும் விலாவும், பின்பக்கம் நீட்டிக் கிடந்த வலது கையும் தெரிந்தன. தூக்கத்துக்கும் வலிக்கும் சேர்த்து நரம்பில் ஊசி போட்டார்கள். வீரராகவன் ஒரு கண்ணை மூடி மறுகண்ணைத் துளையில் வைத்தார். படிக்கிற பையன்கள் நாலு பேர் தங்கள் முறைக்காக அவர் பின்னால் வரிசை கட்டினார்கள். நர்ஸ் ஜெசிந்தா டாக்டர் சொல்கிறபடி இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு பேர் இருந்தார்கள் அந்த அறையில். ஆறு பேரில் ஒருவர்கூட அவன் முகம் இருந்த பக்கத்தில் இல்லை.

“இந்த வளைவுதான் கஷ்டம். பார்த்தியா, எப்படி மடங்கியிருக்கு! நல்லா அமுக்குங்க சிஸ்டர்.”

பூபதி ஒரு தடவை முனகினான். பிறகு சத்தமில்லை. விலா ஏறி இறங்குவது நின்றது.

தேசம்மா தன்னையறியாமல் எண்ணத் தொடங்கினாள். தாயே, ரெண்டு, மூணு. பத்து வந்தது. வலிக்குத் தம் கட்டுகிறான் என்று நினைத்தாள். இருபது. எவன் முன்னாலும் கத்தமாட்டான், வீம்பு பிடித்தவன். முப்பது. தொண்ணூறு வரை தாங்குகிறவன் என் புருஷன் என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு கர்வம் வந்தது பாருங்கள், அந்தக் கர்வத்தைத்தான் அவள் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை. நாற்பதில் அவள் கண் அவன் கையில் விழுந்தது. தம் கட்டுகிறவன் கையை இறுக மூடியிருப்பான். இந்தக் கை விரல் விரிந்து, கரையில் வீசிய கணவாய் மீன் மாதிரித் துவண்டு கிடந்தது.

கதவு சுவரில் மோதி அதிர்ந்தது.

“யோவ்! மூச்சு இல்லய்யா! மொகத்தப் பாருங்கய்யா!”

“யாரும்மா அது? வெளியே போ!” என்றார் வீரராகவன். சொல்லும்போதும் கண் துளையில்தான் இருந்தது.

தடுக்க வந்த கண்ணாடிப் பையனைத் தள்ளிவிட்டுத் தேசம்மா தலைமாட்டுக்கு ஓடினாள். பூபதியின் உதடு நாவல்பழத் தோல் நிறத்தில் இருந்தது. வயிற்றை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்த ஜெசிந்தாவின் குரல் உடைந்தது. “சார், நாடி கிடைக்கல சார்.”

அதற்குப் பிறகு எல்லோருக்கும் கண் வந்துவிட்டது. குழாயை உருவினார்கள். மல்லாக்கப் புரட்டி நெஞ்சை அமுக்கினார்கள். மூலையில் ஆளுயர ஆக்ஸிஜன் சிலிண்டர் நின்றது. அதைத் திறக்கிற சாவி அடுத்த அறை மேசையில் இருந்தது. அதை எடுக்க ஒரு பையன் ஓடினான். ரப்பர் பையை முகத்தில் வைத்து அழுத்தினார்கள், இன்னொரு ஊசி போட்டார்கள். தேசம்மாவை இரண்டு ஆயாக்கள் சுவரோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்குகிறபோது இழுப்பானே, அதே இழுப்பு ஒன்று பூபதி தொண்டையிலிருந்து வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் அவள் ஆயாக்களின் பிடியில் திமிறுவதை விட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஜெசிந்தா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பழவேற்காட்டுக்குப் பக்கத்துக் காட்டூர்க்காரி, மனசு கெட்டவள் இல்லை. “மாதாவுக்கு ஸ்தோத்திரம். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கம்மா” என்றாள்.

“தலப்பாகையோட போச்சா? போவ இருந்தது என் புருசன் சிஸ்டர். தலப்பாகைங்கற!”

வீரராகவன் வெளியே வந்தார். அவர் நெற்றியிலும் வியர்வை. ஆனாலும் குரலை விட்டுக்கொடுக்கவில்லை.

“உன் வீட்டுக்காரர் மறைச்சிருக்கார். மூச்சு வாங்குதுன்னு சொல்லியிருந்தா ஊசியைக் குறைச்சிருப்பேன். குடலை இழுக்கறப்ப சில பேருக்கு நாடி இறங்கும். இந்த ஊசி மூச்சை அடக்கும். ரத்தம் இல்லாத உடம்பு, ரெண்டு நாள் பட்டினி வேற. எல்லாம் ஒண்ணா சேர்ந்துடுச்சு. யானைக்கும் அடி சறுக்கும்மா.”

“ஆன சறுக்குனா ஆனைக்குத்தான் அடி. இங்க நீ சறுக்குன, அடி அவனுக்கு.” தேசம்மா எழுந்துவிட்டாள். “மறைச்சது தப்புதான். அவன் மறைச்சான், நா வாய மூடிகினு நின்னேன். எங்க தப்பு எங்க தலைல கீது. ஒன் தப்பு எங்க சார் கீது? ஆறு பேரு நின்னீங்கோ. ஒத்தன் அவன் மொகத்தப் பாத்தானா? மூச்ச அடக்குற ஊசின்னு தெரிஞ்சிதான போட்ட? போட்டவன் மூச்சப் பாக்க வாணாமா? வயித்துக்கு ரெண்டு நாளா வெளக்கெண்ண குடுத்தீங்களே, ஒங்க கண்ணுல ஒரு சொட்டு வுட்டுகினா கொறஞ்சா பூடும்?”

வராந்தாவில் காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். டாக்டரின் காது சிவந்தது.

“இது தர்ம ஆஸ்பத்திரிம்மா. இருக்கற ஆளை வெச்சுத்தான் செய்யறோம்.”

“தர்மத்துக்கு வந்தவனுக்கு மூச்சு வாணாமா சார்? எங்க ஊர்ல பீடி பத்தவெச்சவன பதினாறு வருசமா படகுல ஏத்தல. நீங்க நாளிக்கி காலீல மறுபடி இன்னொருத்தன படுக்கவெச்சி ஓட்டயில கண்ண வெப்பீங்கோ. யாரு கேக்கறது ஒங்கள?”

வடிவேலு அவள் முழங்கையைப் பிடித்தான். “அண்ணி, வுடு. பெரியவங்களாண்ட இப்புடிப் பேசாத.”

அவள் அவன் பக்கம் திரும்பினாள். “நீ கவுறு புடிக்கிறவன்தானே? சொல்லு. இப்பல்லாம் ஒங்கண்ணன் எத்தினி எண்ணுல மேல வரான்?”

வடிவேலு அவள் முழங்கையை விட்டான்.

“கேக்கறன்ல?”

“நாப்பது” என்றான். “சில நாளு முப்பத்தஞ்சு. அண்ணந்தான் யாராண்டயும் சொல்லாதன்னுச்சி.”

தேசம்மா அவனை அறைந்தாள். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை, இரண்டு பிள்ளை பெற்ற ஆம்பளை என்றும் பார்க்கவில்லை. “தொண்ணூறு தொண்ணூறுன்னு நா அந்தக் கதவாண்ட நின்னு நாப்பது எண்ணுனேன்டா! தெரிஞ்சிருந்தா பத்துலயே பூந்திருப்பேன்டா பாவி!” அடித்த கையாலேயே தன் தலையிலும் இரண்டு போட்டுக்கொண்டு அழுதாள். வடிவேலு கன்னத்தைத் தடவாமல் நின்றான்.

சாயந்திரம் பூபதி கண் விழித்தான். நெஞ்சு அமுக்கியதில் விலா வலித்தது. நடந்ததை வடிவேலு சொன்னான்.

“வூட்டுக்குப் போலாம், தேசம்மா.”

“போயி? சொட்டு சொட்டா ஒழுவி சாவறியா? வா போலாம். கெணறு வெச்சிகினு கீற கைருன் பீவி வூட்டாண்ட ரெண்டு கொடம் தண்ணி வாங்கி வெக்கறேன், குளிப்பாட்ட.”

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். “நா மேல வராதப்போ நீ எத்தினி எண்ணுன?”

“நாப்பது.”

“இப்பல்லாம் அதான் என் கணக்கு” என்றான். கண்ணோரம் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. இன்னும் கோபம் ஆறவில்லை.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார்கள். வடிவேலுவும் படகுக்காரர் இரண்டு பேரும் வந்து ரத்தம் கொடுத்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டிக் கோடு கிழிக்கிற மிஷினில் பார்த்து, ரத்தம் குறைந்து குறைந்து இருதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். முதல் நாளே அந்த மிஷின் அதே கட்டடத்தில்தான் இருந்தது, மாடியில். கட்டியை எடுக்காவிட்டால் ஏற்றிய ரத்தம் எல்லாம் ஓட்டைக் குடத்துத் தண்ணீர். வயிற்றைக் கிழித்து எடுக்க இந்த இருதயம் தாங்காது. மறுபடி குழாய்தான். வீரராகவன் காகிதத்தை நீட்டி ரேகை வைக்கச் சொன்னார்.

தேசம்மா கட்டைவிரலை மடக்கிக்கொண்டாள்.

“ஒத்தன் அவன் மூச்ச மட்டும் பாக்கணும். குழாய் புடிக்கக்கூடாது, வயித்த அமுக்கக்கூடாது, வேற ஒரு வேலையும் கூடாது. அந்த ஆளு யாருன்னு காட்டு. வெக்கறேன்.”

“மயக்க டாக்டர் ஆபரேஷனுக்கு மட்டும்தான் வருவார்.”

“நாலு பசங்கோ நிக்கறாங்களே?”

“அவங்க கத்துக்க வந்தவங்கம்மா.”

“இதயும் கத்துகட்டும்.”

வீரராகவன் நீட்டிய காகிதத்தை மேசையில் வைத்தார். கோபக்காரர்தான், ஆனால் பன்னிரண்டு நாளாக அவரும் சரியாகத் தூங்கவில்லை என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். “சரி. ஒரு பையன் நாடியைப் பிடிச்சுட்டு நிப்பான்.”

“அவன் கண்ணு ஓட்டைக்கிப் பூடும். நானும் நிப்பேன்.”

“அதெல்லாம் வழக்கமில்லை.”

“ஒங்க வழக்கத்த நாந்தான் பாத்தனே சார்.”

அவர் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் ரேகை வைத்தாள்.

இந்தத் தடவை ஊசி பாதிக்கும் குறைவு, அதையும் சொட்டுச் சொட்டாகப் போட்டார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் போனது. சிலிண்டர் சாவியை ஜெசிந்தா ஒரு கட்டுத்துணியால் சிலிண்டர் கழுத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கண்ணாடிப் பையன் மணிக்கட்டைப் பிடித்தான். தேசம்மா தலைமாட்டில் நின்று உள்ளங்கையைப் பூபதியின் விலாவில் வைத்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தாயே என்று புதிதாகத் தொடங்கினாள். மூன்று, நாலுக்குள் அடுத்த மூச்சு வந்தது. வளைவில் குழாய் ஏறியபோது ஏழு வரை போனது. “சார், நிறுத்து” என்றாள். வீரராகவன் நிறுத்தினார். மூச்சு வந்த பிறகு “உம்” என்றாள், குழாய் நகர்ந்தது.

அரை மணி போனது. அவளுக்கு முழங்கால் கடுத்தது, இடுப்பு கடுத்தது.

“கிடைச்சுடுச்சு!” என்றார் வீரராகவன். குரலில் சின்னப்பிள்ளைச் சந்தோஷம். “காம்போட தொங்குது பாருங்க! எல்லாரும் வாங்க, இப்படி ஒண்ணு லேசுல கிடைக்காது.”

பையன்கள் முண்டியடித்தார்கள். கண்ணாடிக்காரனும் மணிக்கட்டை விட்டுவிட்டு இரண்டு அடி வைத்தான்.

“தம்பி.” தேசம்மா தலையைத் திருப்பவில்லை. “கைய எங்க எடுத்துகினு போற?”

அவன் திரும்பி வந்து மணிக்கட்டைப் பிடித்தான். குழாய் வழியாக உள்ளே போன கம்பி வளையம் கட்டியின் காம்பை இறுக்கியது. தீய்ந்த வாசனை வந்தது. அறுந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும் அறையே மூச்சு விட்டது. பன்னிரண்டு நாள் பாரம் இறங்கிய முகத்தோடு வீரராகவன் நிமிர்ந்தார்.

“தேசம்மா, இங்க வாம்மா. இத்தனை நாளா உன் புருஷன் ரத்தத்தைக் குடிச்சது எதுன்னு நீயும் பாரு. ஒரு நிமிஷம்தான்.”

எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அவளுக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. தன் குடியைக் கெடுக்க வந்த சனியனின் மூஞ்சியைப் பார்த்துக் காறித் துப்ப வேண்டும் போலவும் இருந்தது. புருஷன் விலாவிலிருந்து கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

“நீ பாரு சார். நா கவுறு புடிச்சிகினு கீறேன்.”

பூபதியின் விலா அவள் உள்ளங்கையின் கீழ் ஏறி இறங்கியது. தாயே என்று மறுபடி தொடங்கினாள்.